பல்லித் தொட்டிக்குள் காற்றுச் செடி: முதல்முறை வைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மண் வேண்டாம், சட்டி வேண்டாம், எங்கே வைத்தாலும் வளரும் என்று சொல்லித்தான் காற்றுச் செடிகளை விற்கிறார்கள். அதை நம்பி வாங்கிவந்து, பல்லி வளர்க்கும் கண்ணாடித் தொட்டியின் நடுவில் ஈரப் பாசிமேல் உட்காரவைத்தால், சில வாரங்களில் அடி கறுத்துவிடும். தொட்டால் இலை இலையாகக் கழன்று கையோடு வரும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அடுத்த செடிக்கு இன்னும் அதிகமாகத் தெளிப்பார்கள். அதுவும் போகும்.

பல்லித் தொட்டிக்குள் இந்தச் செடிகள் தாகத்தால் சாவது அபூர்வம். நனைந்த பிறகு காய வழியில்லாமல்தான் பெரும்பாலும் சாகின்றன. எந்தச் செடியை வாங்குவது, எங்கே கட்டுவது, எப்போது தண்ணீர் தெளிப்பது என்று இந்தக் கட்டுரையில் வருகிற எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

காற்றுச் செடி என்று நாம் சொல்வது டில்லாண்ட்சியா என்ற பேரினத்தை. அன்னாசியின் குடும்பம். 600-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு, அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து அர்ஜென்டினா வரை பரவியிருக்கின்றன. மரக்கிளையிலும் பாறையிலும் தொற்றி நிற்கும். வேர் பிடித்துக்கொள்வதற்கு மட்டும்தான். தண்ணீரை உறிஞ்சுவது இலைமேல் இருக்கும் நுண்ணிய செதில்கள்.

முதலில்: உங்கள் பிராணிக்கு இது ஒத்துவருமா?

எல்லா ஊர்வனவற்றுக்கும் ஒத்துவராது. தாடி டிராகன் என்ற பெரிய பல்லியும் பச்சை இகுவானாவும் ஆமையும் செடியைத் தின்றுவிடும், இல்லையென்றால் மிதித்துவிடும். டில்லாண்ட்சியா நஞ்சுள்ள செடி அல்ல. ஒரு கடி கடித்தால் உடனே ஆபத்து என்று பயப்பட வேண்டாம். ஆனால் நாரான இலையை நிறைய விழுங்குவது எந்தப் பிராணிக்கும் நல்லதில்லை, செடியும் மிஞ்சாது. மலைப்பாம்பு வகைகள் ஏறிப்படுத்தே நொறுக்கிவிடும். சிறுத்தைக் கெக்கோ (கெக்கோ என்பது ஒரு பல்லி வகை) வறண்ட இடத்தில் தரையோடு வாழ்வது. அதன் தொட்டியில் உயரமும் வெளிச்சமும் குறைவாகத்தான் இருக்கும். ஆகவே செடியை அடிக்கடி வெளியே எடுத்து நனைக்கத் தயாராக இருந்தால் மட்டும் முயலலாம்.

நன்றாகப் பொருந்துபவை மரமேறும் சிறிய பல்லிகள். கிரெஸ்டட் கெக்கோ, மோர்னிங் கெக்கோ, டே கெக்கோ, பச்சை அனோல். இவற்றில் பச்சை அனோலுக்கும் டில்லாண்ட்சியாவுக்கும் இயற்கையிலேயே பழக்கம் உண்டு. அமெரிக்காவின் தென்கிழக்கில் ஓக் மரங்களில் தாடி தாடியாகத் தொங்கும் ஸ்பானிஷ் பாசி உண்மையில் பாசி அல்ல, ஒரு டில்லாண்ட்சியா. அதே மரங்களில்தான் அனோல்களும் ஓடித்திரிகின்றன.

இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொள்வது கிரெஸ்டட் கெக்கோவை. நியூ கலிடோனியாத் தீவில் அழிந்துபோனதாகவே கருதப்பட்டு, 1994-இல் மறுபடி கண்டுபிடிக்கப்பட்ட பல்லி. இன்று உலகெங்கும் புதிதாக ஊர்வன வளர்க்க வருபவர்கள் முதலில் வாங்கும் இனங்களில் ஒன்று. 22 முதல் 26 டிகிரி வெப்பம் அதற்குச் சுகம். 28-ஐத் தாண்டினால் வாட ஆரம்பிக்கும். இரவில் நடமாடும், நன்றாகத் தாவும். வளர்ந்த ஒன்றுக்கு 45 செ.மீ அகலம், 45 செ.மீ ஆழம், 60 செ.மீ உயரமுள்ள தொட்டி என்பது வழக்கமான குறைந்தபட்ச அளவு. அதை மனத்தில் வைத்துப் படியுங்கள், மற்ற இனங்களுக்கு அங்கங்கே மாற்றிக்கொள்ளலாம்.

நடுவில் ஒன்று சொல்லியாக வேண்டும். இந்தியாவில் நம் ஊர்ப் பச்சோந்தி, உடும்பு, நட்சத்திர ஆமை ஆகியவற்றை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அயல்நாட்டு இனம் சைட்டிஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் இருந்தால் அதை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். சிங்கப்பூரில் கெக்கோ வளர்க்கவே அனுமதி இல்லை. இருக்கும் ஊரின் சட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் பிராணியை வாங்க வேண்டும்.

செடியைத் தேர்ந்தெடுப்பது

கடையில் செடியின் பெயர் எழுதியிருக்காது, எழுதியிருந்தாலும் தவறாக இருக்கும். இலையைப் பார்த்தே பாதி தெரிந்துகொள்ளலாம். வெள்ளிப்பூச்சு பூசினதுபோல, தொட்டால் மெத்தென்று இருப்பது வறண்ட இடத்துச் செடி. அதன் செதில்கள் பெரியவை, அடர்த்தியானவை. இலை பச்சையாக, வழவழப்பாக இருப்பது ஈரமான காட்டுச் செடி.

கிரெஸ்டட் கெக்கோவின் தொட்டிக்குப் பச்சை இலை வகைகள்தான் முதல் தேர்வு. பிராக்கிகாலோஸ் நல்ல தொடக்கம், விலையும் அதிகமில்லை. அயனாந்தா எங்கும் கிடைக்கும், சிறியது, உறுதியானது. தொட்டியின் மேல்பகுதியில், காற்று வரும் வலைக்குப் பக்கத்தில் கட்டினால் நன்றாக இருக்கும். பல்போசா பார்க்க மிக அழகு, ஈரத்தையும் தாங்கும். ஆனால் அதன் அடிப்பகுதி குடம்போல உப்பி, உள்ளே வெற்றிடமாக இருக்கும். காட்டில் அந்த வெற்றிடத்தில் எறும்புகள் குடியிருக்கின்றன. நம் தொட்டியில் அங்கே தண்ணீர்தான் குடியேறும். அதனால் பல்போசாவைத் தலைகீழாகவோ பக்கவாட்டாகவோ கட்டினால்தான் பிழைக்கும்.

டெக்டோரம் என்ற பஞ்சுப்பொதி போன்ற செடியை வாங்கவே வாங்காதீர்கள். ஈக்வடார், பெரு நாடுகளின் வறண்ட மலைப்பகுதியைச் சேர்ந்தது. தினமும் தண்ணீர் தெளிக்கும் தொட்டிக்குள் அது நிற்காது. ஜெரோகிராபிகா பெரிய ரோஜா வடிவச் செடி. அதன் நடுவில் கெக்கோ சுருண்டு படுத்திருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதுவும் வறண்ட இடத்துச் செடிதான், நடுக்குழியில் தண்ணீர் தேங்கினால் அழுகும். பெரிய தொட்டியும் நல்ல காற்றோட்டமும் இருந்து, கொஞ்சம் சாய்த்துக் கட்டினால் வைக்கலாம். அது சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில் இருக்கும் இனம் என்பதால் நர்சரியில் வளர்த்ததுதானா என்று கேட்டு வாங்குங்கள்.

வண்ணம் அடித்த செடிகள், கூழாங்கல்மேல் பசை போட்டு ஒட்டியவை, காந்தத்தில் ஒட்டியவை எதுவும் வேண்டாம்.

ஒதுக்கி வைப்பது: தாண்டிப் போகக்கூடாத படி

கிரெஸ்டட் கெக்கோ கிண்ணத்தில் இருக்கும் தண்ணீரை விட, இலையிலும் கண்ணாடியிலும் நிற்கும் துளிகளை நக்கித்தான் அதிகம் குடிக்கும். மாலையில் தண்ணீர் தெளித்துவிட்டு விளக்கை அணைத்த பிறகு கவனியுங்கள். மெல்ல இறங்கிவந்து, இலையின் நுனியில் தொங்கும் துளியை ஒவ்வொன்றாக நாக்கால் எடுக்கும். அந்த இலையில் என்ன ஒட்டியிருக்கிறதோ அது நேராக அதன் வயிற்றுக்குள் போகிறது.

நர்சரியில் உரம் தெளித்திருப்பார்கள், பூச்சிமருந்தும் அடித்திருக்கலாம். மேலோட்டமாக ஒட்டியிருப்பது கழுவினால் போகும். இமிடாகுளோப்ரிட் போன்று செடிக்குள்ளேயே ஊடுருவி நிற்கும் மருந்துகள் கழுவினால் போகாது, கரைய மாதக்கணக்கில் ஆகும். விற்பவரிடம் என்ன மருந்து அடித்தீர்கள் என்று நேராகக் கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் அந்தச் செடியை வீட்டு ஜன்னலோரம் வைத்துக்கொள்ளலாம், பல்லித் தொட்டிக்கு வேண்டாம்.

நம்பிக்கையான இடத்தில் வாங்கியதையும் குழாய் நீரில் நன்றாக அலசி, சுத்தமான தண்ணீரில் அரைமணி நேரம் மூழ்கவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தலைகீழாகக் காயவையுங்கள். இதை வாரம் ஒருமுறையாக ஒரு மாதமாவது செய்யுங்கள். இந்த ஒரு மாதமும் செடி தொட்டிக்கு வெளியேதான் இருக்க வேண்டும். இலைகள் ஒன்றோடொன்று சேரும் அடிக்கணுவை விரித்துப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சுபோல ஏதாவது இருந்தால் மாவுப்பூச்சி. இருந்தால் அதற்கு மருந்து அடித்துத் தொட்டிக்குள் வைக்கலாம் என்று யோசிக்காமல் அந்தச் செடியை ஒதுக்கிவிடுங்கள்.

எங்கே, எதில், எப்படிக் கட்டுவது

தரையில் வைக்கக்கூடாது. தொட்டியின் அடியில் தேங்காய்நார்த் தூளும் பாசியும் எப்போதும் ஈரமாக இருக்கும், காற்றும் அங்கே அசையாது. செடியின் அடியைச் சுற்றிப் பாசி வைத்துக் கட்டுவது பார்க்க இயற்கையாக இருக்கும், ஆனால் அழுகலுக்கு அதைவிடக் குறுக்குவழி கிடையாது.

தொட்டியின் மேல் மூன்றில் ஒரு பங்குதான் இதற்கான இடம். மேலே கம்பிவலை மூடியும் முன்கதவின் கீழே காற்றுத்துளையும் உள்ள தொட்டி என்றால் காற்று தானாகவே கீழிருந்து மேலே ஏறும். நாலா பக்கமும் அடைத்த மீன்தொட்டியைத் திருப்பிப்போட்டுப் பல்லி வளர்ப்பவர்கள், கணினிக்குள் இருக்கும் சிறிய விசிறி ஒன்றை மூடியின் வெளிப்புறம் பொருத்தி, காற்றை வெளியே இழுக்கும்படி வைக்கலாம். பல்லியின் விரல் எட்டாதபடி வலைக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கட்டுவதற்குக் கார்க் பட்டையை மிஞ்சிய பொருள் இல்லை. எடை குறைவு, எளிதில் மட்காது, ஈரத்தைப் பிடித்து வைக்காது. திராட்சைக்கொடிக் கட்டையும் நதியில் அடித்துவந்த கட்டையும் பரவாயில்லை. மருந்தேற்றிய மரம் மட்டும் கூடாது, அதில் செம்பு உப்புகள் இருக்கும். டில்லாண்ட்சியாவுக்குச் செம்பு விஷம். இதே காரணத்தால் செப்புக் கம்பியால் கட்டுவதும் தவறு. துத்தநாகப் பூச்சுள்ள கம்பியும் வேண்டாம்.

என் ஆலோசனை இது: செடியை நிரந்தரமாகத் தொட்டிச் சுவரில் ஒட்டாதீர்கள். உள்ளங்கை அளவு கார்க் துண்டில் ஓட்டை போட்டு, செடியின் வேர்ப்பகுதியை அதில் செருகி, மீன்பிடி நரம்பால் இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போடுங்கள். அந்தத் துண்டைச் சுவரில் உள்ள கொக்கியிலோ கிளையிலோ மாட்டுங்கள். நனைக்கவும் கழுவவும், அழுகினால் தூக்கிப்போடவும் ஒரு நொடியில் எடுத்துவிடலாம். நரம்பின் நுனியை ஒட்ட வெட்டிவிடுங்கள். தளர்ந்த வளையம் ஒன்றுகூட இருக்கக்கூடாது. கெக்கோவின் விரல் அதில் மாட்டினால் இழுக்க இழுக்க இறுகி, ரத்த ஓட்டம் நின்று விரலே போய்விடும்.

ஒட்டத்தான் வேண்டும் என்றால் மீன்தொட்டிக்கென்று விற்கும் சிலிக்கான். குளியலறைச் சிலிக்கானில் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்திருக்கும், அதைத் தொடாதீர்கள். ஒட்டியபின் வினிகர் வாடை முழுதாகப் போகும்வரை, குறைந்தது ஒரு வாரம், வெளியே வைத்திருங்கள். சூடாக்கி ஒட்டும் பசைக்குச்சி ஈரத்தில் சீக்கிரம் பெயர்ந்துவரும்.

கட்டி முடித்ததும் விரலால் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். வளர்ந்த கிரெஸ்டட் கெக்கோ 40 கிராமை ஒட்டி இருக்கும். இரவில் பாய்ந்து வந்து அந்தச் செடியின் மேலேயே விழும்.

வெளிச்சம்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 6500 கெல்வின் (பகல் வெளிச்சம்போன்ற வெண்ணிறம்) எல்.இ.டி விளக்கு, நாளுக்கு 12 மணி நேரம், செடியிலிருந்து 15 முதல் 30 செ.மீ தூரம். கெக்கோவுக்காக யு.வி.பி (புற ஊதாக்கதிர்) குழல்விளக்கு போட்டிருந்தால் அதனால் செடிக்குக் கெடுதல் இல்லை, ஒட்டினாற்போல் மட்டும் வைக்காதீர்கள். வெப்பம் தரும் பல்பின் நேர்கீழே வைத்தால் செடி பொரிந்துவிடும். வெளிச்சம் போதாத செடி வெளிறி, இலைகள் நீண்டு தளர்ந்துபோகும்.

தண்ணீர்

இங்கேதான் பல்லியின் தேவையும் செடியின் தேவையும் மோதுகின்றன.

கெக்கோ இரவில் விழிப்பது. அதனால் எல்லோரும் மாலையில்தான் நன்றாகத் தெளிக்கிறோம், ஈரப்பதம் 80 சதவீதம் வரை ஏறும். ஆனால் டில்லாண்ட்சியாக்களில் பெரும்பாலானவை கள்ளிகளைப் போலப் பகலில் இலைத்துளைகளை மூடிவைத்து, இரவில் திறந்து கரியமிலவாயுவை வாங்குபவை. அந்த நேரத்தில் இலைமேல் தண்ணீர்ப் படலம் நின்றால் மூச்சு அடைபடும். ஒருநாள் இரண்டுநாள் தாங்கும். தினமும் இரவு முழுக்க நனைந்தே இருந்தால் தாங்காது.

இதற்குத் தீர்வு நேரத்தையும் இடத்தையும் பிரித்துக்கொள்வதுதான். மாலையில் தெளிக்கும்போது கண்ணாடிக்கும் கீழே உள்ள மணிபிளான்ட் போன்ற அகல இலைச் செடிகளுக்கும் தெளியுங்கள், கெக்கோவுக்குக் குடிக்க அது தாராளம். மேலே உள்ள காற்றுச் செடிகளை விட்டுவிடுங்கள். அவற்றுக்குக் காலையில், விளக்கு போட்டதும் லேசாகத் தெளியுங்கள். வெளிச்சமும் காற்றும் இருக்கும் நேரம் என்பதால் மதியத்துக்குள் காய்ந்துவிடும். தானியங்கித் தெளிப்பான் வைத்திருப்பவர்கள் அதன் முனையைக் காற்றுச் செடிகள் பக்கம் திருப்பாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நனைந்த நான்கு மணி நேரத்துக்குள் செடி காய வேண்டும். காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? இலையின் நிறத்தைப் பாருங்கள். அயனாந்தாவைத் தண்ணீரில் முக்கினால் அதன் சாம்பல்பூச்சு மறைந்து பளீரென்று பச்சையாகிவிடும், செதில்கள் தண்ணீர் குடித்து இலையோடு படிந்துவிடுவதால். காயக் காய அந்தச் சாம்பல்நிறம் நுனியிலிருந்து திரும்பி வரும். நுனி வெளிறி, நடு மட்டும் இன்னும் கரும்பச்சையாக இருந்தால் உள்ளே ஈரம் நிற்கிறது. வழவழப்பான இலைச் செடிகளில் இந்த மாற்றம் அவ்வளவு தெரியாது. அவற்றுக்கு டிஷ்யூ காகிதத்தைத் திரிபோலத் திரித்து நடுக்குருத்துக்குள் விட்டு எடுங்கள். நுனி நனைந்து வந்தால் காயவில்லை என்று அர்த்தம். புதுத் தொட்டியில் முதல் இரண்டு வாரம் தினமும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். நான்கு மணி நேரத்தில் காயாத இடம் என்றால், அந்த இடம் காற்றுச் செடிக்கு இல்லை. மேலே நகர்த்துங்கள், இல்லையென்றால் காற்றோட்டத்தைக் கூட்டுங்கள்.

முழுக்க மூழ்கவைப்பது தேவையா? தினமும் தெளிக்கும் தொட்டியில் பெரும்பாலும் தேவைப்படாது. இலைகள் உள்பக்கமாகச் சுருண்டு குழாய்போல ஆனால்தான் தாகம். அப்போது கார்க் துண்டோடு எடுத்து, 20, 30 நிமிடம் தண்ணீரில் போட்டு, தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறி, விசிறிக் காற்றில் நான்கு மணி நேரம் காயவைத்துத் திரும்ப மாட்டுங்கள். வறண்ட தொட்டி வைத்திருப்பவர்கள் இதை வாரம் ஒருமுறை வழக்கமாகவே செய்ய வேண்டியிருக்கும்.

மழைத்தண்ணீர்தான் இதற்கு முதல்தரம். ஆர்.ஓ தண்ணீரும் சரி. ஆர்.ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீர் கூடாது, அதில்தான் உப்பெல்லாம் சேர்ந்திருக்கிறது. உப்பு போட்டு மென்மையாக்கிய தண்ணீரும் கூடாது. சென்னை போன்ற ஊர்களின் போர்வெல் தண்ணீரைத் தெளித்தால் கண்ணாடியில் படிவதுபோலவே இலையிலும் வெள்ளைப் படலம் படிந்து செதில்களை அடைத்துவிடும், நுனி காயும்.

கெக்கோவை உள்ளே விட்ட பிறகு

முடிந்தால் செடிகளைக் கட்டிவிட்டு இரண்டு வாரம் தொட்டியைக் காலியாகவே ஓட்டிப் பாருங்கள். எது காய்கிறது, எது காயவில்லை என்று அதற்குள் தெரிந்துவிடும். பல்லி இல்லாதபோது இடம் மாற்றுவது எளிது.

பிறகு எச்சம். வெள்ளை நுனியோடு இலையில் விழும், காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும். உரம்தானே என்று விடாதீர்கள். ஈரப்பஞ்சால் துடைத்துவிடுங்கள், அதிகமானால் செடியை எடுத்து அலசுங்கள். ஊர்வனவற்றின் எச்சத்தில் சால்மோனெல்லா இருக்கலாம். அதனால் சமையலறைத் தொட்டியில் அலசக்கூடாது, நனைக்கும் பாத்திரத்தைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது, கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் இதில் ரொம்பக் கண்டிப்பாக இருங்கள். தொட்டிக்குள் இருக்கும் செடிக்கு உரம் எதுவும் தெளிக்க வேண்டாம், மெதுவாக வளர்ந்தால் வளரட்டும்.

உணவுக்கு விடும் சில்வண்டுகள் இலைகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டு குருத்தைக் கடிக்கும். இரவில் தூங்கும் அனோலையும் கடிக்கும். தின்றது போக மிச்சத்தைப் பிடித்து வெளியே எடுத்துவிடுங்கள். ஸ்பானிஷ் பாசியை அடர்த்தியாகத் தொங்கவிட்டால் பூச்சிகளைத் தேடி எடுப்பது பெரும்பாடு, மெல்லிய திரையாக விடுங்கள். அடர்ந்தால் அதன் நடுப்பகுதியும் காயாது.

வெளி இலை ஒன்றிரண்டு பழுப்பாகிக் காய்வது வயதாவதுதான், உருவி எறியுங்கள். அடி கறுத்து, மெதுவாக இழுத்ததும் நடுக்குருத்து கழன்று வந்தால் அழுகல். அது தேறாது. உடனே எடுத்துவிட்டு அந்த இடத்தின் காற்றோட்டத்தைச் சரிசெய்யுங்கள். அயனாந்தாவின் உள் இலைகள் திடீரென்று சிவந்தால் பயப்பட வேண்டாம், பூக்கப் போகிறது. ஊதாக் குழல்போல பூ வரும்.

ஒரு டில்லாண்ட்சியா வாழ்நாளில் ஒருமுறைதான் பூக்கும். பூத்தபின் தாய்ச்செடி மாதக்கணக்கில் மெல்ல வாடும், அதன் அடியிலிருந்து கன்றுகள் கிளம்பும். வாடுகிறதே என்று தாயைப் பிடுங்கிவிடாதீர்கள், கன்றுகளுக்கு அதுதான் சோறு. கன்று தாயின் அளவில் மூன்றில் ஒரு பங்கு வந்ததும் அடியைப் பிடித்து மெதுவாகத் திருகிப் பிரிக்கலாம். பிரித்த இடம் இரண்டு நாள் ஆறியதும் புதிய கார்க் துண்டில் கட்டுங்கள். பிரிக்காமல் விட்டாலும் நல்லதுதான், கொத்தாக வளரும். கொத்து ஒரு கைப்பிடிக்கு மேல் பெருத்தால் மட்டும் நடுவில் உள்ள காய்ந்த தாயைப் பிய்த்து எடுத்து, காற்று புக வழி செய்துவிடுங்கள்.